மூன்று சென்சாரும் ஓர் இறால் குட்டையும்

மேசை மேல் மூன்று சென்சார்கள். ஒரே இறாலின் சாற்றை மூன்றுக்கும் கொடுத்தேன். முதலாவது ஒன்றுமே இல்லை என்றது. இரண்டாவது ஏகப்பட்டது இருக்கிறது என்றது. மூன்றாவது, காலையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மத்தியானம் இல்லை என்றது. இவற்றில் எது நல்லது என்று மாதக் கடைசிக்குள் நான் எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு இயல்பிலேயே பொறுமை குறைவு. புடவைக் கடையில்கூட முதல் அடுக்கிலேயே ஒன்றை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிற ஆள். அப்படிப்பட்டவளிடம் போய் இந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள்.

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே, பெரிய சாலையை ஒட்டிய ஒரு வாடகை வீடுதான் எங்கள் ஆய்வுக்கூடம். முன்னறையில் மேசை, பின்னறையில் ஐஸ் பெட்டி, வாசலில் ஒரு பெஞ்சு. ஆள் நான் ஒருத்தி. சென்னையில் இருக்கிற எங்கள் சார் தினமும் போனில் வருவார். இந்தப் பக்கம் கடலோரத்தில் நிறைய இறால் குட்டைகள் உண்டு. வெள்ளைப்புள்ளி நோய் ஒரு குட்டையில் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டால் மூன்று நான்கு நாளில் மொத்தமும் செத்துக் கரை ஒதுங்கும். பரிசோதனைக்கு அனுப்பினால் முடிவு வருவதற்குள் காரியம் முடிந்திருக்கும். அதனால் குட்டைக் கரையிலேயே வைத்து, நோய் வெளியே தெரிவதற்கு முன்பே கண்டுபிடிக்க ஒரு சின்னக் கருவி செய்யலாம் என்று கிளம்பியிருந்தோம்.

யோசனை எளிது. கண்ணுக்குத் தெரியாத காந்தத் துகள்களை எடுத்து, நோய்க்கிருமியை மட்டும் பிடித்துக்கொள்கிற புரதத்தை அவற்றின் மேல் பூசுவோம். இறாலை அரைத்து வடிகட்டிய சாற்றில் அந்தத் துகள்களைக் கலந்து சென்சார் மேல் ஊற்றுவோம். சென்சாரின் மேற்பரப்பிலும் அதே மாதிரிப் புரதம் இருக்கும். கிருமி இருந்தால் அதை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு துகள் அங்கேயே நின்றுவிடும். கிருமி இல்லையென்றால் கழுவும்போது துகள் ஓடிவிடும். கழுவி முடித்து, பக்கத்தில் ஒரு காந்தத்தைக் கொண்டுவந்து, மிச்சம் எத்தனை துகள் நிற்கிறது என்று சென்சாரைக் கேட்க வேண்டும். கேட்டால் சொல்ல வேண்டியது அதன் வேலை. மூன்றும் மூன்று விதமாகச் சொன்னால் யாரைப் போய்க் கேட்பது?

முதலாவது ஹால் சென்சார். முரட்டுச் சாமான். கீழே விழுந்தாலும் பிழைக்கும், உப்புக் காற்றுக்கும் அசையாது. ஆனால் காது மந்தம். துகள் கும்பலாக நின்றால்தான் அதற்குத் தெரியும். இரண்டாவது ஜி.எம்.ஆர். என்பார்கள். காந்தம் லேசாகப் பட்டாலே அதன் மின்தடை மாறிவிடும். நாலு துகள் நின்றாலும் கண்டுபிடித்துவிடும், அதே சமயம் சாலையில் லாரி போனாலும் துள்ளும். மூன்றாவது வெறும் செப்புக் கம்பிச் சுருள். மொத்தச் சாற்றையும் ஒரேயடியாக அளக்கும், ஆனால் வெயில் ஏறினால் அதன் புத்தி மாறிவிடும். மே மாதத்துத் தொண்டியில் அதை வைத்து என்ன செய்வது? சார் அதையும் ஒதுக்கக் கூடாது என்றார். அவர் ஏசி அறையில் இருந்தார்.

மூன்று குட்டைக்காரர்கள் எங்களுக்கு இறால் தர ஒப்புக்கொண்டிருந்தார்கள். வாரம் இரண்டு தடவை, நாலைந்து இறாலை ஐஸ் போட்ட பையில் கொண்டுவர வேண்டும். முடிவை அவர்களிடம் சொல்லக் கூடாது, இது சோதனைக் காலம் என்பது விதி. அதில் ஒரு குட்டை, கணவனும் மனைவியுமாகக் குத்தகைக்கு எடுத்து நடத்தியது. அவர் பத்து வருஷத்துக்கு மேல் சவுதியில் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். முதல் தடவை விட்ட இறால் முழுக்க வெள்ளைப்புள்ளியில் போய்விட்டது. இது இரண்டாவது தடவை.

முதல் சில வாரம் அவரே காலையில் பைக்கில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். மூன்று சென்சாரும் அப்போது ஒரே குரலில் இல்லை, இல்லை, இல்லை என்றன. எனக்கும் சந்தோஷம். பிறகு குட்டையில் காற்றடிக்கிற சக்கரம் ஒன்று பழுதாகி, அவர் அங்கிருந்து நகர முடியாமல் போக, அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், மத்தியானப் பஸ்ஸில் பையைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தாள். திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருக்கும். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பேசுவாள்.

"கல்யாணமாகிப் பதினாறு வருசம் ஆச்சு தங்கச்சி. அவுக வீட்டுல இருந்த நாளச் சேத்து வச்சுப் பாத்தா ரெண்டு வருசம்கூட வராது. போன்லயேதான் குடும்பம் நடத்துனோம்" என்று ஒரு நாள் சொன்னாள். "இந்தத் தடவயும் இறால் போச்சுன்னா திரும்ப சவுதிக்கு பிளைட்டு ஏறிருவாக. ஏஜெண்டு கூப்புட்டுக்கிட்டேதான் இருக்கான்."

குட்டை நன்றாக இருக்கிறது என்று சொல்லவும் விதி இடம் தராது. மோர் கொடுத்து அனுப்பினேன்.

அவள் கொண்டுவந்த முதல் பையிலேயே ஜி.எம்.ஆர். லேசாக அசைந்தது. லாரி என்று நினைத்து மறுபடி அளந்தேன். மறுபடியும் அசைந்தது. ஹால் எப்போதும் போல ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தது. இரண்டாவது பையில் இன்னும் கொஞ்சம் ஏறியது. மூன்றாவதில் இன்னும். சுருளும் பாதி ஆமாம் போட ஆரம்பித்தது. மற்ற இரண்டு குட்டைகளிலும் ஒன்றும் இல்லை. கோடு போட்டுப் பார்த்தேன். கிருமி ஓர் உடம்புக்குள் நுழைந்து பெருகினால் எப்படி ஏறுமோ அப்படியே ஏறியிருந்தது. பாடப் புத்தகத்தில் போடலாம். எனக்குப் பயம் வந்தது. கூடவே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. கருவி வேலை செய்கிறதே!

சாரைக் கூப்பிட்டேன். "ஒண்ணு இல்லேங்குது, ஒண்ணு இருக்குங்குது. எதை நம்புறது சார்?"

"சென்சிட்டிவ் எதுவோ அதைத்தான் நம்பணும். அதுக்குத்தானே வாங்கினோம்" என்றார். "அடுத்த பையில இருந்து ஒரு பங்கை இங்க லேபுக்கு பி.சி.ஆர். டெஸ்டுக்கு அனுப்பிடுங்க. மூணு நாள்ல வந்துடும். அதுவரைக்கும் பார்ட்டிகிட்ட வாயைத் திறக்காதீங்க."

மூன்று நாளில் குட்டை போய்விடும் என்றேன். அதற்கு அவர் விதியை மறுபடி சொன்னார். சொல்வது அவருக்குச் சுலபம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

நான்காவது பை வந்த அன்று ஜி.எம்.ஆர். உச்சிக்குப் போய் நின்றது. இன்னொரு தடவை கழுவி அளந்தேன். அதே உச்சி. அந்தப் பையிலிருந்தே ஒரு பங்கை பி.சி.ஆருக்கு அனுப்பக் கட்டி வைத்தேன். வெளியே வந்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்த உடனேயே எழுந்துவிட்டாள்.

"என்னத்தா சொல்லுது?"

"ஒண்ணும் இல்லக்கா" என்று ஆரம்பித்தேன். பொய் எனக்கு வராது. "நோய் உள்ள வந்துருச்சு போலக்கா. உடனே இறாலப் பிடிச்சு வித்துருங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவள் அங்கேயே நின்று கணவனுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தாள். அவர் நம்பவில்லை. "இரை நல்லா எடுக்குது தங்கச்சி. தட்டுல போட்டத மிச்சம் வைக்காமத் திங்குது. கரைக்கு ஒண்ணுகூட ஒதுங்கலயே. இன்னும் ஒரு மாசம் வளந்தாத்தான சைஸ் வரும்" என்றார். நோய் உள்ளே பெருகி முடிகிறவரை வெளியே தெரியாதண்ணே, தெரிகிறபோது பிடித்துப் பிரயோசனமில்லை என்றேன். படித்ததையெல்லாம் சொன்னேன். எனக்குச் சந்தேகம் இருந்ததா? இருந்தது. ஆனால் சந்தேகத்தோடு பேசுகிற மாதிரி நான் பேசவில்லை. டாக்டர் மாதிரி பேசினேன். அவர் பின்னால் சக்கரங்கள் தண்ணீரை அடிக்கிற சத்தம் போனில் கேட்டது. பிறகு, "சரித்தா" என்றார்.

மறுநாள் காலை வலைக்காரர்கள் வந்தார்கள். நானும் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. தண்ணீரை வடித்து, வலையைச் சுருக்க, இறால்கள் துள்ளின. அத்தனையும் விரல் நீளம். கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தன. ஓட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஒரு புள்ளி இல்லை. அண்ணன் கரையில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் சொல்லலேன்னா அம்புட்டும் செத்துருக்கும்த்தா. போன தடவ அள்ளிக் குழியில போட்டு மூடுனோம். இந்தத் தடவ வித்தாவது வாரோம்ல" என்றாள். நான் தலையை ஆட்டினேன். வரும்போது வலையிலிருந்து நானே நாலு இறாலை எடுத்து என் பெட்டியில் போட்டுக்கொண்டேன்.

அந்த நாலில் ஒன்றும் இல்லை. ஹால் இல்லை என்றது, சுருள் இல்லை என்றது. ஜி.எம்.ஆர். கூட இல்லை என்றது. நேற்று உச்சியில் நின்ற அதே குட்டை, அதே இறால். சென்சாரே செத்துவிட்டது என்று நினைத்துப் புதிதாக ஒன்று மாட்டினேன். இல்லை. துகள்களின் புட்டியை மாற்றினேன். இல்லை. மின்விசிறியை நிறுத்தினேன், செல்போனைப் பின்னறையில் கொண்டுபோய் வைத்தேன், கையில் கிடந்த வளையலைக் கூடக் கழற்றினேன். தங்கத்துக்கும் காந்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அப்புறம்தான் உறைத்தது. மண்டை காய்ந்துபோய், அக்கா முந்தின நாள் கொண்டுவந்ததில் மீந்திருந்த சாற்றை ஊற்றினேன். உச்சிக்குப் போனது.

ஒரு குட்டையில் இரண்டு விதமாகவா நோய் இருக்கும்? கரை ஓரத்து இறாலுக்கு வந்து நடுவில் இருப்பதற்கு வராமல் இருக்குமா? அவள் எங்கே பிடித்தாள், நான் எங்கே எடுத்தேன் என்று ஒரு தாளில் படம் வரைந்து, அதிலும் குழம்பி, தாளைக் கசக்கி எறிந்தேன். அந்தக் கோபத்தில் காந்தத்தையும் பிடுங்கி மேசையின் மறுகோடியில் வைத்தேன். அப்போது திரை கண்ணில் பட்டது. காந்தத்தை எடுத்த பிறகும் ஜி.எம்.ஆர். இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

எங்கள் துகள்கள் அப்படிச் செய்யாது. காந்தம் பக்கத்தில் இருக்கும்வரைதான் அவை காந்தம். எடுத்துவிட்டால் அந்த நொடியே மறந்துவிடும், அப்படிப் பார்த்துத்தான் வாங்கியது. கழுவினாலும் போகாமல் ஒட்டிக்கொண்டு, காந்தத்தை மறக்காமல் வைத்துக்கொண்டிருப்பது வேறு ஏதோ. இரும்பு.

இறாலுக்குள் இரும்பு எங்கிருந்து வந்தது? பின்னறைக்குப் போய், எப்போதும் காலிப் பையைத் திருப்பி எடுத்துப் போகிறவள் நேற்று அவசரத்தில் விட்டுவிட்டுப் போயிருந்த பையை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துக் கவிழ்த்தேன். உருகின ஐஸ் தண்ணீரோடு ஒரு பழைய ஆணி விழுந்தது. விரல் நீளம், உடம்பெல்லாம் துரு. தரையில் செம்மண் கரைத்த மாதிரி ஒழுகியது.

பார்த்த உடனே புரிந்துவிட்டது. அதுதான் என்னால் தாங்க முடியாதது. கவிச்சியை உச்சிப்பொழுதில் வெளியே எடுத்துப் போனால் காத்துக் கருப்பு பின்னாலேயே வரும், கூட ஓர் இரும்போ கரித்துண்டோ போட்டால் அண்டாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். கடலாடிப் பக்கம் என் அம்மா இன்றைக்கும் எனக்குக் கறிக்குழம்பு கட்டிக் கொடுத்தால் தூக்குக்குள் ஒரு கரித்துண்டு கிடக்கும். நான் அதைச் சிரித்துக்கொண்டே எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுகிறவள்தான். அவர் காலையில் பைக்கில் வந்தவரை ஆணி இல்லை. அவள் மத்தியானப் பஸ்ஸில் வந்ததிலிருந்து ஆணி. அதே ஆணி உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி ஒவ்வொரு தடவையும் கூடுதலாகத் துருவை உதிர்த்தது. என் கோடு ஏறியது. சாலையில் போகிற லாரியையெல்லாம் சந்தேகப்பட்ட நான், கொண்டுவருகிற பையில் என்ன போடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்றாம் நாள் பி.சி.ஆர். முடிவு வந்தது. நோய் இல்லை.

சொல்லியிருக்க வேண்டும். இதை எழுதும்போதும் எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அன்றைக்கு இருந்த குழப்பம் வேறு. இறாலைப் பிடித்து விற்றாகிவிட்டது, இனி சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஒரு மனம். சொன்னால் எப்படி என்று கேட்பாள், ஆணியைச் சொல்ல வேண்டும், உன் கையாலேயே கெடுத்தாய் என்று அவள் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகும் என்று ஒரு மனம். என் வேலை போய்விடும் என்று மூன்றாவதாக ஒரு மனமும் இருந்தது, அதை நான் கண்டுகொள்ளாத மாதிரி நடந்துகொண்டேன். பத்து நாள் கழித்து, அந்த முடிவு அச்சடித்த தாளைப் பையில் வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்புகள். உள்ளே சொந்தக்காரர்கள். கூடத்தின் நடுவில் ஒரு பெரிய பெட்டி திறந்து கிடந்தது, அதில் மிளகாய்ப்பொடியும் கருவாடும் பொட்டலம் பொட்டலமாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நாளக்கழிச்சு பிளைட்டு தங்கச்சி" என்றார் அண்ணன். "அடுத்த தடவ விட்டுப் பாக்கலாம்னு இவ சொன்னா. ரெண்டு தடவ நோய் வந்த மண்ணு, இனிமே அதுல எதுவும் தங்காது. நீ சொன்னதால மொத்தமும் போகாமத் தப்பிச்சோம்." நாற்காலி போட்டார்கள். டீ கொடுத்தார்கள். எல்லாரும் என்னை, மிஷினை வைத்துக் கண்டுபிடித்த பிள்ளை என்று பார்த்தார்கள். அத்தனை பேர் நடுவில் நான் டீயைக் குடித்துவிட்டு, நல்லபடியாப் போயிட்டு வாங்கண்ணே என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தாள் பையிலேயே இருந்தது.

அறிக்கையை எழுதி அனுப்பினேன். ஜி.எம்.ஆர். தான் சரி, ஆனால் ஒவ்வொரு அளவையும் காந்தம் வைத்து ஒரு தடவை, எடுத்துவிட்டு ஒரு தடவை பார்க்க வேண்டும், இரண்டாவதிலும் மிச்சம் நின்றால் அது இரும்புத் தூசி என்று எழுதினேன். பிரமாதம், இதை யோசித்ததுதான் கெட்டிக்காரத்தனம் என்றார் சார். எனக்கு அந்தப் பாராட்டை எந்தக் கையால் வாங்குவதென்று தெரியவில்லை.

ஆடி பிறந்த பிறகு ஒரு நாள் மத்தியானம் அக்கா வந்தாள். கையில் பை இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்துக் குட்டையில் இறால் பிடித்தார்களாம், நல்ல சைஸாம், ஒரு சேதாரம் இல்லையாம்.

"ஒரே வாய்க்கா தண்ணிதான் ரெண்டு குட்டைக்கும். அவுகளுக்கு வராத நோய் எங்களுக்கு மட்டும் எப்படித்தா வந்துச்சு? சண்டைக்கு வரல. புரியாமத்தான் கேக்குறேன்."

வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்திருப்பாள் போல. அவள் முகத்தில் இருந்தது கோபமே இல்லை, என் முகத்தில் அத்தனை வாரமாக இருந்த அதே குழப்பம்தான்.

"நோயே வரலக்கா" என்றேன். "என் மிஷின் தப்பாக் காட்டிருச்சு. நான் தப்பாச் சொல்லிட்டேன்." ஆணியைச் சொல்லவில்லை. அது அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று அந்த நிமிஷத்தில் முடிவு செய்தேன். மிஷின் எப்படித் தப்பும், ஏன் தப்பியது என்று கேட்டால் சொல்ல ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தேன். வெயில், உப்புக் காற்று, கரண்டு.

அவள் அதைக் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"ஒனக்கு எப்பத்தா தெரியும்?"

"பிடிச்ச அன்னைக்கே சந்தேகம் வந்துச்சு. மூணாம் நாள் டெஸ்ட் ரிசல்ட் வந்ததும் உறுதியாத் தெரிஞ்சுருச்சு."

அவள் விரலை மடக்கி நாள் எண்ணினாள்.

"அப்ப அவுக இங்கனதான இருந்தாக" என்றாள்.

ஆமாம் என்றேன்.